எங்கே நின்று கண்டது?
மல்லர் தன்வரலாறுகளின் ஈர்ப்பும் நம்பகமும்

புறநானூற்றின் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்களும் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் ஒரே வீரனைப் பற்றியவை. முதல் மூன்றைச் சாத்தந்தையாரும் பின் மூன்றைப் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையாரும் பாடியுள்ளனர். முக்காவனாட்டு ஆமூர் மல்லனோடு அவன் பொருது வென்ற செய்தியைக் கொளுக்குறிப்பு தெரிவிக்கின்றது. ஒரு கால் மார்பை அழுத்த, மற்றொரு கால் எதிரியின் சூழ்ச்சியைத் தடுத்துப் பின்புறம் வளைய, அவன் மல்லனை வீழ்த்திய முறையைச் சாத்தந்தையார் பிடிவாரியாகக் காட்டுகிறார். தமிழ்நிலத்து மற்போர் பற்றிய மிகப் பழைய நேர்முக வருணனைகளுள் இஃது ஒன்று எனலாம்.

இப்பாடல்களில் இருவர் குரல் ஒலிக்கவில்லை. ஒருவன் வென்ற கிள்ளி. மற்றவன் தோற்ற மல்லன். பின்னவனுடைய பெயரும் எஞ்சவில்லை; அவன் ஊர் மட்டுமே எஞ்சியது. பொருதவர் வாய் திறவாமல் கண்டவர் மட்டுமே பேசிய காலம் அது. பொருதவரே பேசத் தொடங்கிய காலம் இருபதாம் நூற்றாண்டு. அப்பேச்சுக்கு எவ்வளவு ஈர்ப்பு உண்டு, எவ்வளவு நம்பகம் உண்டு என்பதை ஆராய்வது தன்வரலாறு என்னும் இலக்கிய வகை முழுவதற்குமே பயன்படுவதாகும்.

மல்லர் எழுதிய நூல்கள்

பஞ்சாபின் தர்முசக் என்னும் சிற்றூரில் 1928இல் பிறந்த தாராசிங், சிங்கப்பூர் சென்று தொழில்முறை மல்லராகி, 1954இல் இந்திய வீரர் பட்டம் பெற்றார். அவரும் ஹங்கேரி நாட்டிலிருந்து வந்த கிங்காங்கும் நிகழ்த்திய போட்டிகள் நாடெங்கும் பெருங்கூட்டம் சேர்த்தவை. அவ்விருவர் பெயரும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் பேச்சு வழக்கிலும் உடல் வலிமைக்கு உவமையாக நிலைத்தன. தாராசிங் 1968இல் பம்பாயில் அமெரிக்க வீரர் லூ தெஸ்ஸை வென்றார். 1983இல் களத்தினின்று ஓய்வு பெற்றார். தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமனாகத் தோன்றிய பின்னர், 1989இல் பஞ்சாபி மொழியில் தம் வரலாற்றை எழுதி வெளியிட்டார்.

அதே 1989இல் அமெரிக்காவில் வேறொன்று நிகழ்ந்தது. தொழில்முறை மற்போட்டிகளை நடத்திய பெருநிறுவனம், தன் போட்டிகள் உண்மையான பந்தயங்கள் அல்ல, பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளே என்று நியூ ஜெர்சி மாநிலச் செனட்டின் முன் ஒப்புக்கொண்டது. விளையாட்டுப் பந்தயங்களுக்குரிய அரசுக் கட்டுப்பாட்டையும் வரியையும் தவிர்ப்பதே அதன் நோக்கம். வெற்றி தோல்வியை முன்பே பேசி முடித்துவிட்டு, வெளியே ஒருவரும் அறியாதவாறு மறைப்பது அதுவரை அத்தொழிலின் எழுதாச் சட்டமாக இருந்தது. களத்தில் பகைவராகத் தோன்றியோர் ஒரே வண்டியில் பயணம் செய்வதைக்கூட மறைத்தனர்.

மறைப்பு விலகியதும் நூல்கள் பெருகின. மிக் ஃபோலி என்னும் மல்லர் பிறர் உதவியின்றிக் கையாலேயே எழுதிய தன்வரலாறு 1999இல் வெளிவந்து, விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அவரைப் பின்பற்றிப் பலரும் எழுதினர்.

ஈர்ப்பின் காரணம்

முடிவு முன்பே தெரிந்த போட்டியைப் பற்றி ஒருவர் எழுதும் நூலில் படிப்பதற்கு என்ன இருக்கிறது என்ற வினா எழும். உண்மையில் அதுவே ஈர்ப்புக்குக் காரணம். போட்டி பொய், ஆனால் விழுந்த முதுகு மெய். முடிவைப் பேசி வைக்கலாம். எலும்பு முறிவைப் பேசி வைக்க இயலாது. மேடைமேல் நின்ற உருவத்துக்கும் விளக்கணைந்த பின் காயத்துக்குக் கட்டுப் போடும் மனிதனுக்கும் இடையிலுள்ள தொலைவையே வாசகர் அறிய விரும்புகின்றனர். திரைக்குப் பின்னால் அழைத்துச் செல்வதாக உறுதி தரும் நூலை எவரும் எளிதில் கீழே வைப்பதில்லை.

ஆனால் அந்த உறுதியிலேயே ஓர் இடரும் உள்ளது. வாழ்நாள் முழுவதும் பொய்யை மெய்போலக் காட்டுவதே தொழிலாகக் கொண்டவர், எழுதுகோல் பிடித்தவுடன் அப்பழக்கத்தைக் கைவிட்டுவிடுவாரா?

ஒரு சான்று போதும். 1987 மார்ச் 29 அன்று போன்டியாக் நகர அரங்கில் ஹல்க் ஹோகன், பேருருவம் படைத்த ஆந்த்ரேயைத் தூக்கி எறிந்தார். கூட்டம் 93,173 பேர் என்று நடத்தியோர் அறிவித்தனர். பின்னர் ஆராய்ந்தோர் அதனை ஏறத்தாழ 78,000 எனக் கணித்தனர். ஆந்த்ரேயை அதற்குமுன் எவரும் தூக்கி எறிந்ததில்லை என்றும் பறைசாற்றப்பட்டது. ஆனால் 1980இலேயே நியூயார்க்கில் அதே ஹோகன் அவரைத் தூக்கி எறிந்திருக்கிறார். களத்துக்காகப் புனைந்த கதை காலப்போக்கில் நினைவாகவே உறைந்துவிடுகிறது. சொல்பவருக்கே அது புனைவென்பது மறந்துபோகலாம். இதனைப் பொய் என ஒதுக்குவதைவிட, தொழில் நினைவை விழுங்கியது எனக் கொள்வதே பொருந்தும்.

தமிழ் மேடையின் மல்லர்கள்

தமிழில் மல்லர் தன்வரலாற்றுக்கு மிக அருகில் நிற்பவை நாடகக் கலைஞரின் நினைவு நூல்கள். அங்கும் உடலே கருவி, வேடமே தொழில், ஊர் ஊராகச் செல்வதே வாழ்வு. தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் ஆகிய காவிரிக்கரை ஊர்கள் நாடகக் கம்பெனிகள் முகாமிட்ட ஊர்களாகும்.

பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர். வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் பணியாற்றியவர். ஆறு பாகங்களாக அமைந்த அவரது 'நாடக மேடை நினைவுகள்' நூலில், தமிழ் நாடகத்தைத் தாம் ஒரு காலத்தில் இகழ்ந்து ஒதுக்கியதையும், பல்லாரிக் கிருஷ்ணமாச்சாரியாரின் தெலுங்கு நாடகத்தைக் கண்ட பின்னரே மனம் மாறியதையும் மறையாது கூறுகிறார். தமிழ் நாடகத்தின் தந்தை எனப் போற்றப்பட்டவருக்கு இது பெருமை தரும் செய்தியன்று. தனக்கு எதிராகத் தானே தரும் வாக்குமூலம் வலிமை மிக்கது என்பது நீதிமன்ற வழக்கு. நினைவு நூல்களை எடைபோடுவதற்கும் அதுவே முதல் படிக்கல்லாகும்.

அவ்வை தி.க. சண்முகம் 1918இல் ஆறு வயதுச் சிறுவராகச் சங்கரதாச சுவாமிகளின் நாடக சபையில் சேர்ந்தவர். அவரது 'எனது நாடக வாழ்க்கை' 1972இல் நூலாக வந்தது. சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்னும் புகழ்பெற்ற செய்தி அவர் வழியாகவே தமிழுலகில் பரவியது. இதனை எவ்வாறு கொள்வது?

ஒரு சிறுவன் கண்டதை ஐம்பதாண்டுகளுக்குப் பின்னர் ஒரு முதியவர் எழுதுகிறார். தாம் தாங்கிய வேடத்தை அவர் மறந்திருக்க இயலாது. பாடிப் பாடி நாவிலும் ஆடி ஆடிக் காலிலும் பதிந்த பாடம் அது. சுவாமிகள் சிறுவர் திறனறிந்து பாத்திரம் படைத்தார் என்பதும் ஐயத்துக்கு இடமற்றது. ஆனால் 'ஒரே இரவு' என்னும் கால அளவு வேறு வகையானது. கம்பெனி வீட்டில் பலர் வாயிலும் புழங்கி, ஆசிரியர்பாலுள்ள பேரன்பினால் ஒளியேறியிருக்கக்கூடிய செய்தி அது. அதனைச் சங்கரதாசரின் வேகத்துக்குச் சான்றாகக் கொள்ளலாம். கடிகாரக் கணக்காகக் கொள்ளத் தேவையில்லை.

ஆயினும் இந்நூல்களை ஒதுக்கினால் இழப்பு பெரிது. பாலர் சபைகளில் சிறுவர் உண்டதும் அடிபட்டதும் பாடம் பெற்றதும் குரல் உடைந்தபின் வேடம் இழந்ததும் அரசுப் பதிவேடுகளில் இல்லை. அவை நினைவு நூல்களில் மட்டுமே உள்ளன. முழுதும் நம்பினால் புகழ்மாலை வரலாறாகும். முழுதும் மறுத்தால் வரலாறே இல்லாமற்போகும்.

நினைவும் நாட்காட்டியும்

புறநானூற்றின் அந்த மற்போர்ப் பாடல்களை 1894இல் அச்சேற்றித் தமிழர்க்கு மீட்டளித்தவர், அப்போது கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர். அவரே பின்னாளில் தமிழின் தலையாய தன்வரலாற்றையும் எழுதினார். 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் வெளிவந்து, 1942இல் அவர் மறைவினால் முற்றுப்பெறாது நின்றது.

சேலம் இராமசாமி முதலியாரைக் கும்பகோணத்தில் முதன்முறை சந்தித்த நாளை அந்நூல் 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை எனக் குறிக்கிறது. அச்சந்திப்பே அவரைச் சீவக சிந்தாமணியின்பால் திருப்பியது. அறுபதாண்டு கடந்து எழுதப்பட்ட குறிப்பு இது. நாட்காட்டியைக் கணக்கிட்டுப் பார்த்தால் அந்நாள் வியாழக்கிழமையே. ஆகவே நாள் நம்பத்தக்கது. அன்று இருவரும் பேசிக்கொண்டதாக வரும் உரையாடலைச் சொல்லுக்குச் சொல் அதே தரத்தில் வைக்க இயலாது. அதன் கருத்து உண்மை, வடிவம் முதிய எழுத்தாளரின் கலைத்திறன்.

ஐயர் தமக்கு வந்த கடிதங்களைப் பேணிக் காத்தார். அவற்றுள் தொடக்கக்காலக் கடிதங்களை ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2018இல் வெளியிட்ட பின்னர், 'என் சரித்திரத்தை' அருகருகே வைத்து ஒப்பிடும் வாய்ப்பு ஆய்வாளர்க்குக் கிட்டியுள்ளது. தம் நினைவைச் சோதிக்கும் உரைகல்லையும் தாமே விட்டுச் சென்றவர் அவர்.

அளவுகோல்

இவற்றிலிருந்து சில நெறிகளை வகுக்கலாம். தொழில் நுட்பத்தைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் நம்பத்தக்கது. பிடியும் அடவும் பாடமும் உடலில் பதிந்தவை. பசி, பயணம், கூலி, காயம் பற்றியவை அதற்கு அடுத்த நிலையின. கூட்டத்தின் அளவு, 'முதன்முதலில்' என்னும் உரிமை, மாற்றாரின் உள்நோக்கம் ஆகியன பிற சான்றின்றி ஏற்கத்தகாதவை. தனக்கு எதிராகத் தானே சொல்வது கூடுதல் மதிப்புடையது.

இவ்வனைத்துக்கும் மேலான நெறியை நக்கண்ணையாரின் 85ஆம் பாடலே தருகிறது. அவ்வூர் கிள்ளிக்கு உரிய ஊரன்று. ஆதலால் வெற்றி அவனுடையது என ஒரு சாராரும், அன்று என மற்றொரு சாராரும் உரைத்தனர். இரண்டையும் எடுத்துரைத்த பின்னர், தம் இல்லத்துப் பனைமரத்தின் அடியைச் சார்ந்து நின்று தாமே கண்டதாக அவர் உரைக்கிறார். அவர் அவ்வீரன்மீது காதல் கொண்டவர். எனவே நடுநிலைச் சாட்சி அல்லர். அக்காதலை அவர் மறைக்கவுமில்லை. மாற்றுரையைச் சொன்னார், அதன் காரணத்தைச் சொன்னார், தாம் நின்ற இடத்தையும் சொன்னார். அந்நேர்மையே அவரது சாட்சியத்தை ஏற்கத்தக்கதாக்குகிறது.

ஓர் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரும் ஒருவகைத் தன்வரலாறே. யார் முதற்கவிதை படித்தார், எந்தக் கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தனர், எந்த விவாதத்தில் யார் கருத்து வென்றது என்பன இன்று நினைவிலிருந்து சொல்லப்படும். நாளை இம்மலரே அவற்றுக்குச் சான்றாகும். கூட்ட அழைப்பிதழ்களும் வருகைப் பதிவேடும் கடிதங்களும் பேணப்படின், பின்வருவோர் அந்நினைவுகளைச் சரிபார்க்க இயலும். விவாதத்தில் தோற்றவரின் பெயரும் அவர் சொன்ன காரணமும் உடன் பதியப்பட வேண்டும். அவ்வாறு பதிந்து வைப்பார் ஒருவரும் இல்லாமையாற்றான், ஆமூர் மல்லன் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பெயரின்றிக் கிடக்கிறான்.