மனை நூலும் நம் மனையும்

வீடு கட்டப் புகும் எவரும் இன்று முதலிற் கேட்கும் கேள்வி, "மனை எந்தத் திசை பார்த்தது?" என்பதே. நம் இளைஞர் பலர் கற்றுத் தேர்ந்து பணியில் அமர்ந்து, தம் பெற்றோர் கண்டிராத கல் வீட்டை எழுப்பி வருகின்றனர். மகிழத்தக்க செய்தி இது. ஆயின், கட்டிய வாசலை இடித்து வேறு பக்கம் வைக்கவும், அடுப்படியை மூலை மாற்றவும், அரிதிற் சேர்த்த பொருளைச் செலவிடுவோரையும் நாம் காண்கிறோம். இந்த மனை நூல் யாது? அது யாருக்காக எழுதப்பட்டது? அதில் நமக்கு எந்த இடம் ஒதுக்கப்பட்டது? இவற்றை ஆராய்தல் நம் வெள்ளி விழா மலருக்குப் பொருந்தும் எனக் கருதுகிறோம்.

கி.பி. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் இயற்றிய பிருகத் சங்கிதையில் மனை பற்றிய விரிவான பகுதி ஒன்று உண்டு. தென்னாட்டுக் கட்டடக் கலையில் மயமதமும் மானசாரமும் பெரிதும் போற்றப்படுவன. தமிழில் மனையடி சாத்திரம் என்னும் சிறு நூல் வீட்டின் நீள அகலத்தை அடிக் கணக்கில் நிறுத்தி, ஒவ்வோர் அடிக்கும் ஒரு பலன் கூறுகிறது. மனையை 64 அல்லது 81 கட்டங்களாகப் பகுத்து, வாஸ்து புருடன் வடகிழக்கில் தலைவைத்துக் கிடப்பதாகக் கொண்டு, நடுக் கட்டங்களைப் பிரமனுக்கு உரியவை என விடுவது இந்நூல்களின் பொது மரபு.

இவற்றில் அறிவுக்குப் பொருந்துவன உள என்பதை நாம் மறுக்கவில்லை. தரையில் ஒரு முளையை நட்டு, அதைச் சுற்றி வட்டம் வரைந்து, முற்பகலிலும் பிற்பகலிலும் முளையின் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் புள்ளிகளைக் குறித்து இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைக்கும். இது கருவியின்றித் திசை காணும் செம்மையான முறை. ஒரு முழக் குழி தோண்டி, எடுத்த மண்ணையே திரும்ப இட்டு, மண் மிஞ்சினால் நல்ல நிலம், சரியாக இருந்தால் நடுத்தரம், குறைந்தால் ஆகாது எனத் தேர்வதும் அத்தகையதே. மண்வெட்டி பிடித்த கை எதுவும் இவ்வுண்மையை அறியும். ஏட்டில் எழுதியவர் யாராயினும், மண்ணைத் தோண்டி அறிந்தவர் உழைப்பாளரே என்பதை மறத்தலாகாது.

ஆயின் மண்ணைச் சோதித்த அந்நூல்கள் அத்துடன் நிற்கவில்லை. வெண்ணிற நிலம் பார்ப்பனருக்கு, செந்நிலம் அரசருக்கு, மஞ்சள் நிலம் வணிகருக்கு, கருநிலம் சூத்திரருக்கு என்று மண்ணுக்கும் வருணம் வகுத்தன. வடக்கே சரிந்த நிலம் முதல் வருணத்தார்க்கு. கிழக்கு, தெற்கு, மேற்கு என்னும் சரிவுகள் முறையே மற்றையோர்க்கு. வராகமிகிரர் மற்றொரு சோதனையும் கூறுகிறார். குழியினுள் சுடாத மண் அகலை வைத்து, நான்கு திசைக்கும் நான்கு திரி ஏற்ற வேண்டும். எத்திசைத் திரி நின்று எரிகிறதோ, அத்திசைக்குரிய வருணத்தார்க்கு அந்நிலம் ஆகும். அந்த அகலில் ஐந்தாம் திரி இல்லை. நாம் குடியிருக்க ஒரு நிலம் ஆகுமா என்று கேட்கவே அந்நூல் எண்ணவில்லை.

வீட்டின் அளவும் அவ்வாறே குறைந்து வந்தது. முதல் வருணத்தார் வீட்டின் அகலம் 32 முழம், அடுத்தவர்க்கு 28, அதற்கடுத்து 24, சூத்திரர்க்கு 20. அவர்க்கும் கீழே வைக்கப்பட்டோர்க்கு இதனினும் சிறியதே. நகரமைப்பைக் கூறும் கௌடிலியரின் அர்த்தசாத்திரம் நான்கு வருணத்தாரையும் நான்கு திசைகளில் குடியமர்த்தியபின், சண்டாளர் சுடுகாட்டின் ஓரத்தில் வாழ்க என்கிறது. அவர்கள் ஊருக்கு வெளியே இருத்தல் வேண்டும் என்பது மனுநூலின் விதி. திசையும் அளவும் கணக்கும் என்று தோன்றுவன யாவும் இங்கே சாதியின் எல்லைக் கற்களாக நிற்பதைக் காண்க.

இவை ஏட்டளவில் நின்றனவா எனின், இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் 1014ஆம் ஆண்டை ஒட்டிப் பொறிக்கப்பட்ட இராசராசன் கல்வெட்டுகள், கோயிலுக்கு வரி தரும் ஊர்களைக் கூறுங்கால், வரி நீங்கிய நிலங்களையும் எண்ணுகின்றன. ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால் என்பவற்றோடு பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு ஆகியனவும் தனித்தனியே அங்கு இடம்பெறுகின்றன. தீண்டாச்சேரி என்னும் சொல்லும் காணப்படுகிறது. ஊர் வேறு, சேரி வேறு என்னும் பிரிவு ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே அரசின் நிலக்கணக்கில் ஏறிவிட்டது.

சேரி என்னும் சொல்லோ இழிவுடையது அன்று. மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்பதே அதன் பொருள். பார்ப்பனர் ஊராகிய உத்தரமேரூரில் 12 சேரிகள் இருந்தமையைப் பராந்தக சோழன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறும். பிறர் அச்சொல்லைக் கைவிட்டு, நம் குடியிருப்புக்கே அதை உரித்தாக்கினர். சொல் தாழவில்லை, தாழ்த்தப்பட்டது.

மனை நூலைக் கையில் வைத்திருந்த கம்மாளர் நிலையும் சிந்திக்கற்பாலது. கோபுரம் எழுப்பிய அவர்களும் தனிச்சேரியில் வாழ்ந்தனர். கொங்கு நாட்டுக் கம்மாளர் தம் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளவும், வெளியே செல்கையில் செருப்பு அணியவும் அரசன் ஆணை பிறப்பித்ததைக் கல்வெட்டு காட்டுகிறது. சாந்து குழைத்தவர் தம் சுவரில் அதைப் பூசுதற்கு அரசாணை வேண்டியிருந்தது!

பின் வந்த காலத்திலும் நம் துயர் திசையால் வந்ததன்று. மனைமீது உரிமையின்மையால் வந்தது. செங்கற்பட்டு ஆட்சியர் ட்ரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை, நம் மக்கள் குடியிருந்த மனைகளும் மிராசுதாரர் பிடியில் இருந்ததை அரசுக்கு எடுத்துரைத்தது. மனை பிறருடையதாயின், கூலி கேட்கும் வாயும் பிறர்க்கு அஞ்சியே திறக்கும். 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழவெண்மணியில் 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டதை எவ்வாறு மறப்போம்? அக்குடிசை எத்திசை நோக்கியது என்று எவரும் கேட்டாரல்லர். 1971ஆம் ஆண்டின் குடியிருப்பு மனை உரிமைச் சட்டமே, பிறர் நிலத்தில் வாழ்ந்த உழவுத் தொழிலாளர்க்கு அவர்தம் மனையை உரிமையாக்க வழி செய்தது. நமக்கு மனை வழங்க நிலம் கையகப்படுத்துதற்கெனத் தனிச்சட்டம் 1978இல் வந்தது.

பழைய எல்லைக்கோடு இன்னும் அழியவில்லை. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் எழுந்த சுவரின் ஒரு பகுதி 2008 மே 6ஆம் நாளன்றே இடிக்கப்பட்டுப் பாதை பிறந்தது. மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் 2019 டிசம்பர் 2ஆம் நாள், மழையில் ஊறிய உயர்ந்த சுவர் நம்மவர் வீடுகள்மீது சரிந்து 17 பேர் மாண்டனர். இவற்றை எந்த மனை நூல் தோடம் என்று கூறிற்று?

வீட்டின் சுற்றளவை 3ஆல் பெருக்கி 8ஆல் வகுத்து, மீதி ஒற்றைப்படையாயின் நன்மை என்பர். நம் முன்னோர் வறுமைக்கு அந்த மீதி காரணமன்று. நம்மை வெளியே நிறுத்திய நூலிடம் நம் வாசலுக்கு அனுமதி கேட்பது தன்மானம் ஆகாது. இளைஞர்களே, மனை வாங்கும்போது பட்டா உங்கள் பெயரில் உள்ளதா என்று பாருங்கள். முடிந்தால் இல்லத்தரசியின் பெயரையும் சேருங்கள். வெள்ளம் தங்காத மேடா, பொதுப் பாதை உண்டா, குடிநீர் வருமா, காற்றும் வெளிச்சமும் புகுமா என்று கேளுங்கள். இவையே நாம் கொள்ளத்தக்க மனை நூல்.

அண்ணல் அம்பேத்கர் 1930களில் பம்பாய் தாதரில் தமக்கென ஒரு வீடு கட்டினார். இராசகிருகம் என்று பெயரிட்ட அவ்வீட்டை அவர் அமைத்தது தம் நூல்களுக்கு இடம் வேண்டியே. நம் வீடு சிறியதாயினும், பிள்ளைகள் அமர்ந்து படிக்க வெளிச்சமுள்ள ஒரு மூலையை முதலில் ஒதுக்குவோம். அம்மூலை எத்திசையில் அமைந்தாலும் நன்றே.