பாங்கின் குரலும் பெயரின் சுமையும்

கொள்ளைநோய்க் காலத்தில் மருந்துக்கு முன்னரே மக்களை அடைய வேண்டுவது செய்தி. சொல்பவர் யார், எச்சொல்லால் சொல்கிறார் என்பதைக் கொண்டே மக்கள் அதனை ஏற்பர். மழை பெய்த ஒரு ஜும்ஆ நாளில், தொழுகைக்கு அழைக்கும் தொடருக்கு மாற்றாக, இல்லங்களிலேயே தொழுதுகொள்ளுமாறு அறிவிக்க முஅத்தினைப் பணித்தார்கள் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள். கேட்டோர் திகைத்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முன்மாதிரியைச் சுட்டி, மக்களைச் சேற்றில் நடக்கவிட்டு வருத்த விரும்பாமையே காரணம் என்றும் விளக்கினார்கள். அறிமுகமான குரல், முன்மாதிரி, காரணம் ஆகிய மூன்றும் அவ்வறிவிப்பில் இருந்தன.

2020 மார்ச் 25இல் நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியபோது சென்னையிலும் இவ்வழியே பயன்பட்டது. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் பாங்கொலி நிற்கவில்லை. ஸஃப்புகள் மட்டும் நின்றன. ஜும்ஆவுக்கு மாற்றாக வீட்டில் லுஹர் தொழுமாறு உலமாக்கள் அறிவுறுத்தினர். ஏப்ரல் 25இல் பிறந்த ரமளானில் தராவீஹ் இல்லங்களில் நிறைவேறியது. நோன்புக் கஞ்சிக்கான அரிசியும் வீடுகளுக்கே சென்றது. நகரின் பெரிய பள்ளிவாசல்கள் செப்டம்பர் 1இல்தான் மீண்டும் திறந்தன.

அந்நாள்களில் மற்றொரு செய்தி மனத்தைப் புண்படுத்தும் வடிவில் பரவியது. டெல்லி நிஜாமுத்தீன் தப்லீக் கூட்டத்திலிருந்து திரும்பியோர் தாமே முன்வருமாறு மார்ச் 31இல் சுகாதாரத்துறை வேண்டியது, பலரும் முன்வந்தனர். ஆயினும் அன்றாட அறிக்கைகள் டெல்லி மாநாட்டைத் தனியே சுட்டின. ஊடகங்கள் சில நோய்க்கு மதச்சாயம் பூசின. நோய்க்கு அச்சாயம் பூசலாகாது என முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி ஏப்ரல் தொடக்கத்தில் கேட்டுக்கொண்டார். அறிக்கைகளிலும் 'ஒரே மூலம்' எனப் பொருள்படும் பொதுப்பெயர் இடம்பெற்றது. எண்ணிக்கை குறையவில்லை, பழி மட்டும் குறைந்தது. மே மாதத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து நோய் பரவியபோது இடப்பெயரே வழங்கிற்று. வணிகரின் மதத்தை எவரும் வினவவில்லை.

தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளின் வாயிலில் மாநகராட்சி ஒட்டிய அறிவிப்புகளும் இவண் நோக்கத்தக்கவை. 2020 மார்ச் இறுதியில் ஆழ்வார்பேட்டை மக்கள் நீதி மய்யம் அலுவலகத்தில் தவறுதலாக ஒட்டப்பட்ட அறிவிப்பு பின்னர் அகற்றப்பட்டது. பெயரறியாக் குடும்பங்களுக்கோ அத்தாள் அண்டை அயலாரின் ஒதுக்கலாகவும் மாறக்கூடும். உரிய சட்டப்படியான ஆணையின்றி நோயாளிகளின் வீடுகளில் சுவரொட்டி ஒட்டலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 9இல் தெளிவுறுத்தியது.

அதே மாநகராட்சி தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு என மண்டலவாரியாக நாள்தோறும் எண்ணிக்கையை வெளியிட்டது. மயிலாப்பூரில் வாழ்பவரும் தியாகராய நகரில் கடை நடத்துபவரும் தம் பகுதியின் நிலையை அதனால் அறிந்தனர். எந்த வீட்டின் மானமும் அதற்கு விலையாகவில்லை.

அவமானத்திற்கு அஞ்சுபவர் நோயை மறைப்பார். மறைத்த நோய் ஊரெங்கும் பரவும். எனவே கண்ணியம் காத்தலை மருத்துவத் தேவையாகவும் நாம் கொள்ளவேண்டும். இன்னொரு தொற்று வருமாயின், பள்ளிவாசலின் ஒலிபெருக்கி காரணத்தோடு கூடிய அறிவிப்பைச் சொல்லட்டும்; நோயாளியின் பெயரைச் சொல்லாதிருக்கட்டும். மஹல்லா ஜமாஅத்துகள் இவ்வொழுங்கை இப்போதே வகுத்துக்கொள்வது நலம்.