ஆறு மாதக் கணக்கு

முப்பதில் இருபத்து நான்கு போக ஆறு. எமது கூனிமேட்டு மதரஸாப் பிள்ளைகளும் நொடியில் சொல்லிவிடும் இக்கழித்தலில், ஒரு காலத்தில் ஒரு பெண்ணின் உயிரே அடங்கியிருந்தது.

ஜுஹைனா குலத்தவர் ஒருவர் மணமுடித்த ஆறாம் மாத நிறைவில் மனைவி குழந்தை ஈன்றாள். கணவர் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களிடம் முறையிட, தண்டனை விதிக்கப்பட்டது. அழுத சகோதரியிடம், கணவரையன்றி வேறெவரும் தம்மைத் தீண்டியதில்லை எனக் கூறிவிட்டு அப்பெண் புறப்பட்டாள். செய்தியறிந்த அலி (ரலி) அவர்கள் இரு வசனங்களை இணைத்துக் காட்டினார்கள். சுமப்பதற்கும் பால்குடி மறப்பதற்குமாக முப்பது மாதங்கள் (46:15). நிறைவான பாலூட்டல் ஈராண்டுகள் (2:233). எஞ்சுவது ஆறு மாதம். இது தமக்குத் தோன்றவில்லையே என்ற கலீஃபா உடனே ஆளனுப்பினார்கள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. குழந்தையோ தந்தையை அப்படியே உரித்து வைத்திருந்தது. தந்தையும் ஐயமற ஏற்றார். இப்னு கஸீர் (ரஹ்) தமது தஃப்ஸீரில் இதனை எடுத்துரைக்கிறார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவிலும் சுருக்கமாக உள்ளது.

கர்ப்பத்தின் குறைந்த கால அளவு ஆறு மாதம் என்பதில் நான்கு மத்ஹபுகளும் ஒன்றுபட்டன. மிகுதி அளவில்தான் வேறுபாடு: ஹனஃபியில் இரண்டு ஆண்டுகள், ஷாஃபியில் நான்கு. ஸ்கேன் இல்லாத காலத்தில், பெண்ணின் மானம் காக்க எல்லையை அகலமாக வைத்தனர் என்றே நாம் கருதுகிறோம்.

இன்றைய மருத்துவர் கணக்கு ஜெர்மானியரான நேகெலே (1778–1851) என்பவரின் பெயரால் வழங்குகிறது. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாட்கள். பிறைக் கணக்கில் ஒன்பதரை மாதம். பத்தாம் மாதம் பாதியில் பிரசவம். நம் தாய்மார் பத்து மாதம் சுமந்ததாகச் சொல்வது மிகையன்று. ஆயினும் கரு தரிப்பது ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்தே. ஆகவே அட்டையில் எழுதும் வாரங்களில் கரு இல்லாத இரு வாரங்களும் சேர்ந்திருக்கும். ஃபிக்ஹின் ஆறு மாதமோ மணவாழ்வு தொடங்கியதிலிருந்து எண்ணப்படுவது. இரண்டையும் குழப்புதல் கூடாது.

குழப்பியவர்கள் உண்டு. நிக்காஹ் முடிந்து ஐந்தே வாரமான மருமகளின் அட்டையில் ஏழு வாரம் என்றிருக்கக் கண்டு, ஒரு மாமியார் எம் வீட்டாரிடம் தாழ்ந்த குரலில் கேட்டாராம். எம் வீட்டார் அட்டையை வாங்கி, கடைசி மாதவிடாய்த் தேதியில் விரல் வைத்துக் காட்டினார்கள். அது நிக்காஹுக்கு இரண்டு வாரம் முந்தியது.