செடிகளுக்குப் பெயர் தேடியவர்கள்

பால்மரம் என்றதும் நமக்குத் தோட்டப்புறம் நினைவுக்கு வரும். விடியுமுன் பெரட்டுக்குப் போய், உளியும் வாளியுமாக நிரையில் நடந்த நம் பாட்டன் பாட்டியர் நினைவுக்கு வருவர். ஆனால், அம்மரம் இந்த மண்ணுக்குச் சொந்தமானதன்று. பிரேசில் நாட்டு விதைகளைக் கொண்டு இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ பூங்காவில் முளைக்க வைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877ஆம் ஆண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். கண்ட தோட்ட முதலாளிகளிடமெல்லாம் ரப்பர் நடச் சொல்லி நச்சரித்த அவருக்குக் 'கிறுக்கு ரிட்லி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் ரப்பரைத் தோட்டமாகப் பயிரிட்ட பிறகுதான் அந்தக் கேலி ஓய்ந்தது.

இவ்வளவும் பாடநூல்களில் உள்ளவை. நாம் இன்று பேச வந்தது ரிட்லியின் இன்னொரு வேலையைப் பற்றியது. காடு காடாகச் சுற்றிச் செடிகொடிகளைச் சேகரித்த அவர், ஓய்வு பெற்ற பின்னர் மலாயாத் தீபகற்பத்தின் தாவரங்களை 5 தொகுதிகளாக எழுதி 1922 முதல் 1925 வரை வெளியிட்டார். ஒரு செடியின் பெயர் தெரிந்தால்தான் அதைப் பற்றி முன்னோர் கண்டறிந்த செய்திகளைத் தேட முடியும். பெயர் தெரியாவிட்டால் எந்த நூலைப் புரட்டுவது?

பெயரைத் தேடும் இடத்திற்கு உலர்தாவரகம் என்று பெயர். பூவோடும் காயோடும் கூடிய கிளையை நசுக்கி உலர்த்தித் தடித்த தாளில் ஒட்டி வைப்பார்கள். மூலையில் ஒரு சீட்டு இருக்கும். எடுத்த இடம், நாள், மரத்தின் உயரம், ஊர் மக்கள் வழங்கும் பெயர், எடுத்தவர் பெயர், அவர் இட்ட எண் எல்லாம் அதில் இருக்கும். உலர்ந்த பூவில் நிறம் நிற்காது. ஆகையால், பறித்தவர் அன்று குறித்து வைத்த ஒரு சொல்தான் அந்த நிறத்துக்குச் சாட்சி. சிங்கப்பூரில் மட்டும் இத்தகைய தாள்கள் ஏறத்தாழ 800,000 உள்ளன.

அந்தச் சீட்டுகளை ஊன்றிப் பார்த்தால் 'முகமது நூர்' என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும். சிங்கப்பூர்ப் பூங்காவில் பணியாற்றிய சேகரிப்பாளர் அவர். நூல்களின் அட்டையில் வெள்ளைக்கார அறிஞர்களின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். காட்டில் இறங்கியவர்கள் பெயர் சீட்டோடு நின்றுவிடும். இது நியாயமன்று என்பது எங்கள் எண்ணம். கிளந்தான் காட்டுச் செடியொன்றுக்குப் 'பெகோனியா நூரி' என்று பெயரிட்டார்களே, அது ஓரளவு ஆறுதல்.

நம் காட்டு மரங்களோ தென்னையைப் போல் இரண்டு மூன்று மடங்கு உயரம். பூவெல்லாம் உச்சியில். 1930களில் அதே பூங்காவில் பணியாற்றிய கார்னர் என்ற அறிஞர், கிளந்தானில் தேங்காய் பறிக்கப் பழக்கும் பெரோக் குரங்குகளை வாங்கிக் கிளை ஒடித்துப் போடப் பயிற்றுவித்தார். கட்டளை மலாய் மொழியில்தான். அறிஞரும் அதைக் கற்க வேண்டியிருந்தது! சாலையோர மரங்களைப் பற்றிய அவரது புகழ்பெற்ற நூல் 1940இல் வந்தது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் கார்னரும் ஹோல்ட்டமும் பூங்காவிலேயே இருந்து, ஜப்பானிய அறிஞர்களின் ஒத்துழைப்போடு அந்தத் தாள்களைக் காத்தார்கள்.

இனி, நெகிரி செம்பிலானிலுள்ள பாசோ காட்டுக்கு வருவோம். அங்கே 1970களின் தொடக்கத்தில் மலேசிய, பிரிட்டிஷ், ஜப்பானிய ஆய்வாளர்கள் சேர்ந்து ஆராய்ந்தார்கள். 1980களின் நடுவில் 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து, விரல் பருமனுள்ள கன்று முதல் வானளாவிய மெராந்தி வரை ஒன்று விடாமல் எண் பொறித்த தகடு கட்டிக் கணக்கெடுத்தார்கள். கிடைத்த தொகை ஏறத்தாழ 335,000 மரங்கள், 800க்கும் மேற்பட்ட இனங்கள்!

பெரும்பாலானவற்றில் பூவும் இல்லை, காயும் இல்லை. இலையையும் பட்டையையும் பார்த்தே பெயர் சொல்ல வேண்டும். கெப்போங் வன ஆய்வு நிலையத்தின் கொச்சும்மன் அத்தகைய கண் படைத்தவர். பாசோ மரங்களைப் பற்றிய அவரது நூல் 1997இல் வெளிவந்தது. அந்தக் கணக்கெடுப்பின் முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டவர்களில் மனோகரன் என்ற ஆய்வாளரும் ஒருவர்.

மெராந்தி இன மரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டுக் காடே ஒன்றாகப் பூக்கும். மூன்றாண்டு ஆய்வுக்கு வரும் மாணவன் ஒரு பூவைக்கூடக் காணாமல் திரும்பக்கூடும். எனவேதான் காட்டில் நிலையாக இருந்து பார்த்துக் குறிப்பவர்கள் தேவைப்படுகிறார்கள்.

"மரஞ்செடி படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்று பெற்றோர் கேட்பது நமக்குத் தெரிந்ததே. மருத்துவர், வழக்கறிஞர் என்ற இரண்டுக்கு அப்பால் நாம் பார்ப்பதில்லை. பட்டம் பெற்றவருக்கு ஆய்வு அதிகாரிப் பதவி உண்டு. பட்டம் இல்லாதவருக்கும் களப்பணியில் இடம் உண்டு: அளவெடுப்பவர், மரமேறுபவர், தாள் ஒட்டிச் சீட்டெழுதும் உதவியாளர். சம்பளம் பெரிதன்று; அட்டைக் கடியும் உண்டு. ஆனால், இலையைப் பார்த்துப் பெயர் சொல்லும் திறமை பல ஆண்டுப் பழக்கத்தில் வருவது. அத்திறமையுள்ளவர் ஓய்வு பெறும்போது பக்கத்தில் இளையவர் ஒருவர் இல்லையென்றால், பெயரிடாத தாள்கள் அலமாரியில் குவியும்.

தீபகற்ப மலேசியத் தாவரங்களைப் பற்றிய புதிய நூல்வரிசைக்கான பணி 2005இல் தொடங்கியது. ரிட்லி தனியாளாக எழுதியதை இப்போது பலர் சேர்ந்து, குடும்பம் குடும்பமாகத் திருத்தி எழுதுகிறார்கள். உங்கள் ஊர் ஆற்றங்கரையில் பெயர் தெரியாத செடியைக் கண்டால், இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு போகாதீர்கள். பூவோ காயோ உள்ள சிறு கிளையாக எடுத்து, செய்தித்தாளில் வைத்து அழுத்தி, இடத்தையும் நாளையும் எழுதுங்கள். பூவின் நிறத்தை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.