முதற்றொகுப்பும் நிலைபேறும்: தமிழ்ச் சொல்லிசை வரலாற்றில் ‘தெருக்குறள்’

1. தோற்றுவாய்

குறுந்தொகையைப் பயில்வார் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார் என்னும் புலவர் பெயர்களைக் கண்டு வியப்பர். இவை பெற்றோர் இட்ட பெயர்கள் அல்ல. பாடியவர் பெயர் மறைந்துபோக, அவர்தம் பாட்டில் அமைந்த அரிய தொடரையே பெயராக்கித் தொகுத்தோர் வழங்கினர். ஊர் தெரியாது, குலம் தெரியாது, பாடிய வேறு பாடல்கள் உளவோ என்பதும் தெரியாது. எனினும் ஒரு பாட்டால் அவர்கள் நின்றனர். ஒரு படைப்பு தன்னை ஆக்கியோனுக்குப் பெயராகவே அமைந்துவிடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதின்று.

இவ்வுண்மையை உளங்கொண்டு, நம் காலத்துப் புதிய பாட்டுவகை ஒன்றனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ‘ராப்’ எனப் பிறநாட்டார் வழங்குவதும், தமிழில் ‘சொல்லிசை’ எனப் பெயர் பெற்றதுமாகிய பாட்டுவகையில், ஒருவர் முதன்முதல் வெளியிடும் தொகுப்பு அவர்தம் நிலைபேற்றை எவ்வாறு வரையறுக்கின்றது என்பது வினா. வடதமிழகத்து இருப்புப்பாதை ஊராகிய அரக்கோணத்திற் பிறந்த அறிவு என்னும் கலைஞர் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தெருக்குறள்’ என்னும் தொகுப்பு ஈண்டுச் சிறப்பாக எடுத்துக்கொள்ளப்படுகின்றது.

2. சொல்லிசையும் தமிழ் யாப்பும்

சொல்லிசை அமெரிக்க நாட்டில் நியூயார்க்கு நகரின் பிராங்க்சு பகுதியில், 1970-களில், கறுப்பின மக்கள்தம் வறுமைக்கும் புறக்கணிப்பிற்கும் இடையே தோன்றியது. தாளத்தின்மேற் சொல்லை விரைந்து அடுக்குதலும், இயைபுத் தொடையை அடிதோறும் பல இடங்களில் அமைத்தலும் இதன் இயல்புகள். பண்ணினும் சொல்லே இதன்கண் தலைமை பெறும்.

தொல்காப்பியர் செய்யுளியலில் இருபது வண்ணங்களை வகுத்தார். அவற்றுள் உருட்டு வண்ணம் அராகம் பயிலத் தொடுப்பது. முடுகு வண்ணம் அடியின் அளவு நீண்டு விரைந்து ஓடுவது. வல்லிசை வண்ணம் வல்லெழுத்து மிகுவது. பின்னர் அருணகிரிநாதர் சந்தப்பாவினைக் கொண்டு விரைவின் எல்லையைக் காட்டினார். எனவே விரைவும் வன்மையும் தமிழ்ச்செவிக்குப் புதியன அல்ல. ஆயினும் இவ்வொற்றுமையைக் கொண்டு சொல்லிசை தமிழிற் பிறந்தது எனக் கூறுவார் கூற்றுப் பொருந்தாது. வந்த விதைக்கு ஏற்ற மண் ஈண்டு முன்னரே இருந்தது என்பதே நாம் கொள்ளத்தகும் முடிபு. புதியதாகப் புனையும் யாப்பினை ‘விருந்து’ எனப் பெயரிட்டு வரவேற்றவரும் தொல்காப்பியரே ஆவர்.

இம்மண்ணை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். சென்னையினின்று மேற்கே திருவள்ளூர் வழியாக அரக்கோணத்திற்கு ஒரு பாதையும், வடக்கே பொன்னேரி வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கு ஒரு பாதையும் செல்கின்றன. முன்னது 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்தினின்று வாலாசா சாலைக்கு அமைந்த தென்னாட்டின் முதற் பயணியர் இருப்புப்பாதையின் பகுதி. இவ்விரு பாதைகளிலும் நாள்தோறும் கல்லூரி மாணவரும், தொழிற்பேட்டைகளில் முறைவேலை பார்க்கும் தொழிலாளரும் நெருங்கிச் செல்வர். வண்டியின் பலகையையே பறையாக்கித் தாளம் தட்டிக் கானா பாடுதல் அவ்வழிச் செல்வார் பலரும் கேட்டதே. சாவு வீட்டின் துயரினின்றும் உழைப்பாளர் சேரியினின்றும் எழுந்த கானாவும், பறையும், ஒப்பாரியும் உயிரோடு இருந்தமையாலேயே சொல்லிசை இங்கு வேர்கொண்டது.

3. பிறநாட்டுச் சான்றுகள்

முதற்றொகுப்பு நிலைபேற்றை வரையறுக்கும் முறை ஒருதன்மைத்து அன்று. அதனை மூவகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, முதற்றொகுப்பே அளவுகோலாதல். நாசு என்னும் அமெரிக்கக் கலைஞர் 1973-இற் பிறந்தவர். 1994-இல் ‘இல்மேட்டிக்’ என்னும் முதற்றொகுப்பை வெளியிட்டார். தாம் வளர்ந்த குயின்சுபிரிட்சு குடியிருப்பின் வாழ்க்கையை அதன்கண் ஓவியமாக்கினார். 1996-இல் வந்த இரண்டாம் தொகுப்பு அதனினும் மிகுதியாக விற்றது. எனினும் திறனாய்வாளர் முதலதனையே உயர்த்தினர். அமெரிக்கக் காங்கிரசு நூலகம் 2021-இல் அதனைப் பாதுகாக்கத்தக்க ஒலிப்பதிவுகளின் வரிசையிற் சேர்த்தது. அவருக்குக் கிராமி விருது கிடைத்ததும் அதே 2021-இலேதான். அது வேறொரு தொகுப்பிற்காக. பிற்காலத்தில் அவர் ஆக்கியன எல்லாம் அம்முதல்வனோடு ஒப்பிட்டே அளக்கப்பெற்றன. புகழே தளையாதலும் உண்டு என்பதற்கு இது சான்று.

இரண்டாவது, முதற்றொகுப்பே முற்றுமாதல். லாரின் இல் என்பார் குழுவொன்றிற் பாடிப் புகழ்பெற்றபின், 1998-இல் தம் தனித்தொகுப்பை வெளியிட்டு, 1999-இல் ஒரே இரவில் ஐந்து கிராமி விருதுகளைப் பெற்றார். அதன்பின் ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவாகிய வேறு தனித்தொகுப்பு அவரிடமிருந்து வரவில்லை. குறுந்தொகையின் ஒரு பாட்டுப் புலவரோடு வைத்து எண்ணத்தக்கவர் இவர்.

மூன்றாவது, முதற்றொகுப்பு பின்னையவற்றால் மறைந்தும் வேராக நிற்றல். ஈழத் தமிழர் வழிவந்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பெயரினர், 1975-இல் இலண்டனிற் பிறந்து, இளமையில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து, போரினால் மீண்டும் இலண்டன் சென்றவர். 2005-இல் வந்த அவர்தம் முதற்றொகுப்பு தந்தையின் இயக்கப்பெயரால் ‘அருளர்’ எனப்பட்டது. 2007-இல் வந்தது தாயின் பெயரால் ‘கலா’ எனப்பட்டது. பின்னதன்கண் அமைந்த பாடல் ஒன்றே உலகெங்கும் மிகுதியாகப் பரவியது. அத்தொகுப்பின் ஒரு பகுதி சென்னையில் உருமி முழங்கப் பதிவாயிற்று. ஆயினும் ‘ஏதிலியின் குரல்’ என்னும் அடையாளம் அவருக்கு முதற்றொகுப்பாலேயே அமைந்தது.

4. தமிழில் முன்னோடிகள்

தமிழில் இவ்வகையின் சாயல் 1994-இல் ‘காதலன்’ திரைப்படத்தின் ‘பேட்டை ராப்’ பாடலிற் காணப்படுகின்றது. அது திரைப்பாட்டே, தனித்தொகுப்பு அன்று. 2006-இல் மலேசியத் தமிழராகிய யோகி பி, நட்சத்திரா குழுவினரோடு ‘வல்லவன்’ என்னும் தொகுப்பை வெளியிட்டார். 1980-இல் வெளிவந்த ‘நிழல்கள்’ படத்துப் பாடலொன்றை அடியாகக்கொண்டு அவர்கள் ஆக்கியது தமிழகமெங்கும் ஒலித்தது. கடல் கடந்த தமிழர் தாயகத்தார்க்கு ஒரு புதுவகையைக் கற்பித்தனர் என்பது இலக்கிய வரலாற்றிற் குறிக்கத்தக்கது. 2012-இல் ‘ஹிப்ஹாப் தமிழா’ என்னும் பெயரில் ஆதியும் ஜீவாவும் ‘ஹிப்ஹாப் தமிழன்’ என்னும் தொகுப்பைக் கொணர்ந்தனர். அதன்பின் திரையிசையமைப்பிற் புகுந்த ஆதி, 2017-இல் ‘மீசைய முறுக்கு’ என்னும் படத்தில் தம் தொடக்கக் காலத்தையே கதையாக்கினார். முதல் முயற்சி தானே ஒரு தொன்மமாக மாறியதை ஈண்டுக் காண்கின்றோம்.

இவ்விரு தொகுப்புக்களிலும் தமிழ்ப்பற்றும் தன்னம்பிக்கையும் பாடுபொருளாயின. பாடுவோன் யார், எவ்வூரான், எத்தெருவினன் என்னும் வினா கூர்மையாக எழுந்தது அடுத்த காலப்பகுதியிலேதான்.

5. தெருக்குறள்

2018-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழு சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அரங்கேறியது. சாதியற்றோர் என்னும் கருத்தை அயோத்திதாச பண்டிதரிடமிருந்து (1845–1914) அக்குழு தன் பெயராகப் பெற்றது. கானாவும் பறையும் மின்னிசையும் ஒரே மேடையில் ஒலித்தன. அறிவு அக்குழுவிற் பாடிப் பயின்றவர். மறு ஆண்டு, இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து ‘தெருக்குறள்’ வெளியிட்டார்.

பெயரே நூலின் நுதலிய பொருளைப் புலப்படுத்துகின்றது. ‘திரு’ என்பது ‘தெரு’ எனத் திரிய, குறள் என்னும் சொல் குரல் என்பதன் ஒலியையும் நினைவூட்ட, உயர்ந்தோர் அவைக்குரிய அறம் தெருவிற்கு இறங்குகின்றது. இது வெறும் சொல்விளையாட்டு அன்று. எல்லார்க்கும் பொது எனப்படும் அறநூல் எத்தெருவிற்கு எட்டியது, எத்தெருவிற்கு எட்டவில்லை என்னும் வினா அதன்கண் அடங்கியுள்ளது. மாறுபட்ட கருத்துடையாரைத் தூற்றுதற்கு வழங்கிய ‘ஆன்டி இந்தியன்’ என்னும் வசைமொழியே அத்தொகுப்பின் ஒரு பாடலுக்குத் தலைப்பாயிற்று. ‘கள்ள மௌனி’ என்னும் தலைப்போ, பேச வேண்டிய இடத்துப் பேசாதாரைக் குறிப்பது. வசையைப் பெயராக ஏற்று அதன் வலியை மாற்றுதல் இக்கலைஞர்தம் முறை.

இனி, தன்வரலாற்றைப் பொதுவரலாறாக்குதல் இவர்பால் அமைந்த பிறிதொரு சிறப்பு. இவர்தம் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் மீண்டவர். 1964-ஆம் ஆண்டுச் சிறிமாவோ–சாத்திரி உடன்படிக்கை, 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவிற்கு அனுப்பவும் 3,00,000 பேரை இலங்கை ஏற்கவும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. தலைமுறை பலவாக மலையைத் தோட்டமாக்கியவர்கள் எண்ணிக்கையாகப் பகுக்கப்பட்டனர். இவர்களின் வேறானவர் ஈழப்போரால் வந்த ஏதிலியர்; அவர்க்கென அமைந்த பெரிய முகாம்களுள் ஒன்று கும்மிடிப்பூண்டியில் உள்ளது. அரசு 2021-இல் அம்முகாம்களை ‘மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றியது. இருவேறு துயரங்களை ஒன்றெனக் கலத்தல் கூடாது. எனினும் இவ்விரு பாதைகளின் ஓரத்தே இருவகை நினைவும் வாழ்கின்றன என்பது பாட்டின் களத்தை உணர்தற்குத் துணைசெய்யும்.

6. ஆசிரியன் பெயர் பற்றிய வழக்கு

2021-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ வெளிவந்தது. பாடகி தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் உருவாக்கத்தில் அமைந்த அப்பாடல், ஒப்பாரியின் ஓசையையும் பாட்டியின் தோட்ட வாழ்வையும் உலகறியச் செய்தது. அதே ஆண்டு ஆகத்தில், இசையிதழ் ஒன்றின் அட்டையில் அறிவின் உருவம் இடம்பெறாமை பெருங்கண்டனத்தை எழுப்பியது. அவ்விதழ் பின்னர் அவருக்கெனத் தனியே ஓர் இணைய அட்டை வெளியிட்டது. 2022-இல் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடுத் தொடக்கவிழாவில் அவரின்றி அப்பாடல் பாடப்பட்டபொழுது, ஆக்கம் யாருடையது என்னும் வழக்கு வெளிப்படையாயிற்று. தாமே எழுதி, இசைகூட்டிப் பாடியதாக அறிவு உரைத்தார். அஃது அனைவர் கூட்டுழைப்பே எனச் சந்தோஷ் நாராயணனும், அறிவின் பங்கைத் தாம் யாண்டும் போற்றியதாகத் தீயும் உரைத்தனர்.

இவ்வழக்கிற்குத் தீர்ப்பளித்தல் ஆய்வாளன் கடமை அன்று. ஆயினும் முதற்றொகுப்பின் பயன் இவ்விடத்தே விளங்குகின்றது. ஐயத்திற்கிடமான பாட்டொன்றை இன்னார் பாடியது எனத் துணிதற்கு, அவர் பாடியனவாக ஐயமின்றித் தெரிந்தவற்றின் நடையோடு ஒப்பிடுதல் நாம் பதிப்புப் பணியிற் கையாளும் முறையே. அவ்வகையில், பேச்சுவழக்கை யாப்பிற் பொருத்தும் திறன், அடிதோறும் மடங்கிவரும் இயைபு, குடும்ப நினைவினின்று நிலவுரிமைக்குச் செல்லும் பொருள்நெறி ஆகியன 2019-ஆம் ஆண்டுத் தொகுப்பிலேயே அமைந்துள்ளன. ஆகலின் பின்னைப் பாடலின் சொற்பகுதி எக்கையினின்று வந்தது என்பதற்குத் ‘தெருக்குறள்’ வலிய அகச்சான்றாகின்றது. இச்சான்றிற்கு எல்லையும் உண்டு. சொல்லின் நடை சொல்லாசிரியனைக் காட்டும். இசையமைப்பில் யார் பங்கு எத்துணை என்பதனை அது காட்டாது. இவ்வேறுபாட்டை மறப்பின் ஆய்வு வழக்குரைஞன் உரையாக முடியும்.

இவ்வாராய்ச்சிக்கு ஆழ்ந்ததொரு காரணமும் உண்டு. ஒப்பாரியும் தாலாட்டும் நடவுப்பாட்டும் பாடிய பெண்டிர் எண்ணிலர்; அவர் பெயர் ஒன்றேனும் நம் இலக்கிய வரலாற்றில் இல்லை. 1871-இல் தென்னிந்திய நாட்டுப் பாடல்களை நூலாக்கிய சார்லசு கோவர் பெயர் நின்றது; பாடிய வாய்களின் பெயர் நில்லாதாயின. நன்னூலார் பாயிரத்தின் இலக்கணம் கூறுங்கால் ஆக்கியோன் பெயரையே முதற்கண் வைத்தார். அம்முதன்மை ஏட்டில் எழுதினார்க்குக் கிடைத்தது. களத்திற் பாடினார்க்குக் கிடைத்திலது. 2024-இல் அறிவு தம் அடுத்த தொகுப்பிற்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ எனப் பெயரிட்டார். பெயரற்ற பாட்டியர் மரபில் ஒருவர் பெயர் தலைப்பாகவே ஏறிற்று. ‘தெருக்குறள்’ எழுப்பிய வினாவிற்கு இப்பெயர் ஒரு விடை எனல் பொருந்தும்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் போந்த முடிபுகள் பின்வருமாறு. முதற்றொகுப்பு ஒருவர்தம் புகழின் அளவை வரையறுப்பதில்லை. பின்னை ஒரு பாடல் அதனினும் மிகப் பரவலாம். ஆனால் அவர் யார் என்பதனை வரையறுப்பது அதுவே. நாசுக்கு அஃது அளவுகோல். லாரின் இல்லுக்கு அஃது முற்று. மாதங்கிக்கு அஃது வேர். அறிவின் முதற்றொகுப்பு வேராதலோடு அமையாது, அவர் பெயர்க்குச் சான்றாவணமாகவும் நிற்கின்றது.

குறுந்தொகைத் தொகுப்பாளர்க்குப் பெயர் கிடைத்திலது, தொடரைப் பெயராக்கினர். நமக்குப் பெயர் கிடைக்கும் காலத்தே அதனைக் குறித்து வையாதொழிதல் பிழையாம். பாடலின் சொல்வடிவம், வெளிவந்த நாள், எழுதினார், இசைத்தார், பாடினார், தாளங் கொட்டினார் பெயர் ஆகியவற்றைத் தமிழ்த் துறைகள் முறையாகப் பதிந்து வைத்தல் வேண்டும். திருவள்ளூர் வண்டியில் இன்று பலகை தட்டிப் பாடுவோருள் நாளைய முதற்றொகுப்பின் ஆசிரியர் இருத்தல் கூடும். அவரையேனும் நாம் பெயரோடு அறிவோமாக.