தீவாக இருந்தும் தனியாக இல்லாத இந்தியா

இன்னைக்கு நாம குஜராத் போறோம். சூரத் பக்கத்துல வஸ்தான்னு ஒரு பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். நம்ம நெய்வேலி மாதிரியே, கரண்டுக்காகத் தோண்டினது. அந்த நிலக்கரி அடுக்குகளுக்கு நடுவுல கட்டி கட்டியா ஆம்பர் கிடைச்சுது. மரத்திலிருந்து வழிந்த பிசின், மண்ணுக்குள் புதைந்து இறுகிப்போனதுதான் ஆம்பர். இதோட வயசு சுமார் 5 கோடி ஆண்டுகள்.

அப்போ இந்தியா எங்க இருந்துச்சு? சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரிலிருந்து பிரிந்து, கடலில் தனியாக வடக்கே நகர்ந்து வந்த இந்திய நிலப்பகுதி, ஆசியாவை நெருங்கியிருந்த காலம் அது. அவ்வளவு நாள் தனியா இருந்த தீவுல என்ன இருக்கும்? மடகாஸ்கர்ல லெமூர் இருக்கிற மாதிரி, வேற எங்கயும் இல்லாத உயிர்கள்தானே? எதிர்பார்ப்பும் அதுதான்.

2010-ல் இந்திய, ஜெர்மன், அமெரிக்க ஆய்வாளர்கள் தங்கள் முடிவை வெளியிட்டாங்க. சுமார் 150 கிலோ ஆம்பர்ல 700-க்கும் மேற்பட்ட பூச்சி, சிலந்தி வகை உயிர்கள். மொத்தம் 55 குடும்பங்கள். தேனீ, எறும்பு, கரையான் எல்லாம் இருந்துச்சு. ஆனா, இவற்றில் பலவற்றின் நெருங்கிய சொந்தங்கள் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும், ஏன், மத்திய அமெரிக்காவிலும்கூட இருந்திருக்கு! அப்படின்னா, இந்தியா முழுசா ஒட்டுறதுக்கு முன்னாடியே போக்குவரத்து நடந்திருக்கு. இடையில் இருந்த தீவுத் தொடர்களைத் தாண்டித் தாண்டிப் பூச்சிகள் வந்து போயிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இந்தப் பூச்சிகள் பாறையில் இவ்வளவு தெளிவாகப் பதிவது அபூர்வம். வஸ்தான் ஆம்பர் முழுசா இறுகாததால, அதைக் கரைத்துப் பூச்சியை அப்படியே வெளியே எடுக்கவும் முடிஞ்சுது. ஆனா ஒண்ணு, பிசினில் மாட்டுவது பெரும்பாலும் மரத்தை ஒட்டி வாழ்ந்த சின்ன உயிர்கள்தான். யானை அளவு விலங்கைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

பிசின் தந்த மரமும் ஒரு சேதி சொல்லுது. நாட்டு மருந்துக் கடையில குங்கிலியம் வாங்குறோமே, அதைத் தருகிற சால மரத்தின் குடும்பம் அது. இன்று தென்கிழக்கு ஆசியாவின் மழைக்காடுகளில் ஓங்கி நிற்பதும் அதே குடும்பம்தான். அந்த மாதிரிக் காடு 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பே குஜராத்தில் இருந்திருக்கு. இன்னைக்கு அந்தக் காடு நிலக்கரியா எரியுது. அதிலிருந்து பொறுக்கி எடுத்த 150 கிலோவுக்கே இவ்வளவு கதை!