மோரி, ஓட்டா, ட்ராலி

வீட்டை விற்கப் போகிறோம் என்றதும் தரகர் ஹாலையோ பெட்ரூமையோ பார்க்கவில்லை. நேராக அடுக்களைக்குப் போனார். "மோரியை எடுத்துடுங்க சார். கடப்பாக் கல்லைத் தூக்கிட்டு கிரானைட் போடுங்க, கீழே ட்ராலி வைங்க. அப்புறமா ஆள் கூட்டிட்டு வர்றேன்" என்றார், இந்தியில்.

மும்பை தெரியாதவர்களுக்கு: மோரி என்றால் அடுக்களை மூலையில் தரையோடு சின்ன வரப்பு கட்டிய கழுவுமிடம். உட்கார்ந்துதான் பாத்திரம் தேய்க்க வேண்டும். ஓட்டா என்பது சமையல் மேடை. ட்ராலி, அதன் கீழே இழுக்கிற இழுப்பறைகள். முலுண்டில் எங்கள் கட்டடம் எழுபதுகளில் எழுந்தது, அதனால் மோரியும் இருந்தது, ஓட்டாவும் இருந்தது.

ஆபீசில் ஆணி குறைவான வாரம். இடிப்பதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். கடப்பாவைத் தூக்கியதும் கீழே தரையில் வட்ட வட்டமாகத் துரு. சிலிண்டர் உட்கார்ந்த தடம். குழாய் காஸ் வந்து சிலிண்டர் போய் எவ்வளவோ வருஷமாச்சு, தடம் போகவில்லை.

யோசித்தால் நம்மைத் தரையிலிருந்து எழுப்பி நிற்க வைத்ததே அந்த சிலிண்டர்தான். விறகடுப்பு, அம்மி, அருவாமணை எல்லாம் தரையில். மராட்டியர் வீட்டிலும் அப்படியே, அருவாமணைக்கு அவர்கள் 'விளி' என்பார்கள். மண்ணெண்ணெய் ஸ்டவ்வை மேடையில் வைத்தவர்கள் முன்பே உண்டு. ஆனால் 1950களின் நடுவில் பர்மா ஷெல் பம்பாயில் 'பர்ஷேன்' காஸ் விற்க ஆரம்பித்தது, 1965ல் இந்தியன் ஆயிலின் இண்டேன் கல்கத்தாவில் வந்தது. சிலிண்டரை நிமிர்த்தித்தான் வைக்கணும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்கணும். அடுப்பு மேலே ஏறியது, சமைக்கிறவரும் எழுந்து நின்றார்.

இந்த ட்ராலி வகையறாவுக்குப் பாட்டி ஜெர்மனியில் இருக்கிறாள். 1926ல் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டெ-லிஹோட்ஸ்கி வரைந்த அடுக்களை. 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம், அவ்வளவுதான். ரயில் சாப்பாட்டுப் பெட்டியின் சமையலறையைப் பார்த்து, எந்த வேலைக்கு எத்தனை எட்டு நடக்கணும் என்று கணக்குப் போட்டுச் செய்தது. அதில்கூட உட்கார்ந்து காய் நறுக்க ஒரு சுழல் முக்காலி உண்டு. நம்ம ட்ராலிக்காரர்கள் அதை மட்டும் காப்பியடிக்க மறந்துவிட்டார்கள் :-)

அம்மா 1996ல் எங்களோடு வந்தார். அடுப்புக்கு நிற்பார், காய்க்கு உட்காருவார். முழங்கால் வலி வந்த பிறகும் அருவாமணையை விடவில்லை. மோரி ஓரத்து மொசைக் மட்டும் இரண்டு சாண் அகலத்துக்கு வழவழவென்று இருந்தது. அம்மா போய் ஐந்து வருஷம்.

"இதையும் உடைச்சிடவா?" என்றார் மேஸ்திரி. உடைக்க வேண்டாம், மேலேயே டைல்ஸ் ஒட்டுங்கள் என்றேன். தரை அரை அங்குலம் உயரும் என்றார். உயரட்டும் என்றேன்.

முதல் ஞாயிறே ஒரு குடும்பம் வந்தது. கணவனும் மனைவியும் ட்ராலியை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். கூட வந்த வயதான அம்மா மூலையைப் பார்த்துவிட்டு மராட்டியில் கேட்டார்: "மோரி இல்லையா?"

தரகர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.